திருகாணிகள் என் பக்கம் இருந்தன

விரலில் துருவும் தேங்காயெண்ணெயும் கலந்த வாடை. சீயக்காய் போட்டு இரண்டு தரம் கழுவியும் போகவில்லை. இன்று காலையில் வாசல் கதவின் பூட்டைக் கழற்றிவிட்டு வேறு பூட்டு மாட்டினேன். ஆசாரியைக் கூப்பிடவில்லை, நானேதான். ஒரு திருகாணி மட்டும் அசைய மாட்டேன் என்றது. எண்ணெய் விட்டு ஊற வைத்து, ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து திருப்பினேன், வந்துவிட்டது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்தது. பூ வாடையிலோ சாம்பிராணி வாடையிலோ எனக்கு நீங்கள் ஞாபகம் வந்ததே இல்லை. துருவில்தான் வருகிறீர்கள்.

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. செத்துப்போன புருஷனுக்குக் கடுதாசி எழுதுகிறவள் பைத்தியக்காரியாக இருக்க வேண்டும், அல்லது அவன்மேல் உயிரையே வைத்திருந்தவளாக இருக்க வேண்டும். நான் இரண்டும் இல்லை. 'அன்புள்ள' என்று ஆரம்பித்துப் பார்த்தேன், கை வரவில்லை, அடித்துவிட்டேன். நான் ஐந்தாவது வரை படித்தவள் என்பது உங்களுக்குக் கடைசிவரை உறுத்தலாகவே இருந்தது. "பொம்பளைக்கு எழுத்து எதுக்கு, யாருக்கு எழுதப் போற?" என்று கேட்டீர்கள். உங்களுக்குத்தான். உட்கார்ந்து கேளுங்கள்.

எனக்குப் பதினாறு வயது. திருமங்கலத்திலிருந்து கல்யாணம் பண்ணி, சிம்மக்கல் பக்கத்தில் இந்தச் சந்து வீட்டுக்குக் கூட்டிவந்தீர்கள். உங்களுக்கு வத்தல் மிளகாய் மண்டி. வந்த மறுநாள் காலையில் கடைக்குக் கிளம்பினீர்கள். நான் வாசல்வரை வந்து நின்றேன். கதவைச் சாத்தினீர்கள், சாவி திரும்பும் சத்தம் கேட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மத்தியானம் சாப்பிட வந்தபோது கேட்டேன்.

"கதவப் பூட்டிட்டுப் போயிட்டீங்களே, நான் உள்ள இருக்கேனே."

"அதுக்குத்தான பூட்டுறது," என்றீர்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னீர்கள். "உள்ளதான் எல்லாம் இருக்கே. ஒனக்கு வெளியில என்ன வேல?"

எல்லாம் இருந்தது உண்மைதான். அரிசி இருந்தது, பருப்பு இருந்தது. பின்னால் கிணறு இருந்தது, அதைச் சுற்றி இரண்டு ஆள் உயரத்துக்குச் சுவர் இருந்தது. சந்தைப் பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தது, அதற்குக் கம்பி இருந்தது. சாவி ஒன்றே ஒன்றுதான், அது உங்கள் இடுப்பில் அரைஞாண் கயிற்றில் இருந்தது. நாளைக்கு இரண்டு தடவை கதவைத் திறந்தீர்கள், இரண்டு தடவை பூட்டினீர்கள். ஊருக்குப் போனால் கூட்டிப் போனீர்கள், கூட்டி வந்தீர்கள். மண்டியில் மிளகாய் மூட்டைக்கும் பூட்டு, வீட்டில் எனக்கும் பூட்டு. இப்படி ஏழு வருஷம். குடிப்பழக்கம் இல்லை, சூதாட்டம் இல்லை என்று என் வீட்டார் உங்களை மெச்சிக்கொண்டார்கள். நானும் சிலநாள் அப்படித்தான் மெச்சிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

அந்தச் சித்திரை மாதத்தை நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை. உசிலம்பட்டிச் சந்தைக்குச் சரக்கு எடுக்கப் போய்விட்டீர்கள், பொழுது சாய்ந்துதான் வருவேன் என்று சொல்லிவிட்டு. உச்சி வெயிலில் ஜன்னலில் நிழல் விழுந்தது. என் அண்ணன். மேல் துண்டால் முகத்தைத் துடைத்தபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ஆத்தா இழுத்துக்கிட்டுக் கெடக்குத்தா. ஒன் பேரத்தான் சொல்லிக்கிட்டே இருக்கு. கெளம்பு, ரயிலுக்கு நேரமிருக்கு."

"கதவு பூட்டியிருக்குண்ணே."

அண்ணன் கதவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. பூட்டி வைக்கிற சங்கதி அதற்கு அதுவரை தெரியாது. நான் சொன்னதில்லை, வெட்கம். போய் எங்கிருந்தோ அம்மிக்குழவி அளவு கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தது. அதற்குள் எதிர்வீட்டுப் பெரியவர் இறங்கி வந்துவிட்டார்.

"தம்பி, மச்சான் இல்லாத நேரத்துல அவரு வீட்டுக் கதவ ஒடைக்கிறயே, நாளைக்கு ஒன் தங்கச்சி இந்த வீட்டுல வாழணுமா வேணாமா?"

அண்ணனின் கை அப்படியே நின்றது. கல்லை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. நான் சரி என்று தலையாட்டியிருந்தால் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேணாம்ண்ணே. நீ போ. அவுக வந்ததும் நான் வாரேன்" என்றேன். உங்களை மன்னிக்காததைவிட அதிகமாக, அந்த 'வேணாம்ண்ணே'யை நான் மன்னிக்கவில்லை.

அண்ணன் போனபிறகு கதவைக் கையால் அடித்தேன், காலால் உதைத்தேன். கை கன்றிப்போய், நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டு நின்றபோதுதான் பார்த்தேன். கண்ணுக்கு நேரே பூட்டு. கதவின் உள்பக்கத்தில் பதித்த இரும்புப் பெட்டிப் பூட்டு. நான்கு மூலையிலும் நான்கு திருகாணிகள். வெளியே தெரிவது சாவி போகிற ஓட்டை மட்டும்தான். திருடன் கழற்றிவிடக் கூடாது என்று திருகாணிகளை உள்பக்கமாக வைத்துத்தான் ஆசாரி பூட்டை மாட்டியிருக்கிறான், எல்லா வீட்டிலும் அப்படித்தான் மாட்டுவான். வெளியே இருக்கிறவனுக்குப் பயந்து செய்த பூட்டை நீங்கள் உள்ளே இருக்கிறவளுக்குப் போட்டீர்கள். ஏழு வருஷமாகத் திருகாணிகள் என் பக்கம் இருந்தன. உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அரிவாள்மணையை வைத்துத் திருப்பிப் பார்த்தேன், வழுக்கியது. காய் நறுக்கும் கத்தியின் முனையைக் கொடுத்துத் திருப்பினேன், முனை ஒடிந்தது. துருப்பிடித்து மரத்தோடு மரமாக இறுகிக் கிடந்தன நான்கும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு நீங்கள் வந்தீர்கள். விஷயத்தைச் சொன்னேன். கால் கழுவிக்கொண்டே, "இனிமே எங்க போறது? காலம்பற பாத்துக்கலாம்" என்றீர்கள்.

காலம்பற போனோம். அண்ணனும் பங்காளிகளும் ஈரத் தலையோடு எதிரே வந்துகொண்டிருந்தார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வருகிறார்கள். சித்திரை வெயிலில் வைத்திருக்க முடியாது, மாப்பிள்ளை அனுப்ப மாட்டார் என்று பெரியவர்கள் பேசி, விடிகாலையிலேயே எடுத்துவிட்டார்கள். பெற்ற மகள் நான். ஆத்தா முகத்தைப் பார்க்கவில்லை. ஆத்தா வாயில் ஒரு பிடி வாய்க்கரிசி போடவில்லை. முற்றத்தில் அந்த அரிசி கொஞ்சம் சிந்திக் கிடந்தது, அதைப் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் என் அண்ணனிடம் சொன்னது காதில் விழுந்தது. "வயசான கட்ட மாப்ள. போக வேண்டியதுதான."

அன்றைக்கு அந்த முற்றத்திலேயே முடிவுசெய்துவிட்டேன். அழுகை நின்றுவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து திரும்பி வந்தபோது நான் முகத்தில் ஒன்றுமே காட்டவில்லை. "ஒருவழியா தேறிட்ட" என்றீர்கள். ஆமாம், தேறிவிட்டேன்.

அன்றிலிருந்து, நீங்கள் கடைக்குப் போனதும் ஒரு கோழியிறகால் நான்கு திருகாணிக்கும் எண்ணெய் தொட்டு வைத்தேன். நீங்கள் வருவதற்குள் துடைத்துவிடுவேன். பத்து நாள் செய்தேன். ஒருநாள் நீங்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கதவருகே நின்றீர்கள்.

"என்ன, கதவு எண்ண வாடை அடிக்குது?"

"கிரீச்சு கிரீச்சுங்குது. அதான் எண்ண போட்டேன்."

"நல்லதுதான்," என்றீர்கள்.

அடுத்த வீட்டில் சௌராஷ்டிரக் குடும்பம், தறி வைத்திருந்தார்கள். அந்த அக்கா தண்ணீருக்குப் போகும்போது ஜன்னலருகே நின்று என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். அவரிடம்தான் சொன்னேன். தன் பாஷையில் உங்களை ஏதோ சொன்னார். எனக்கு அர்த்தம் தெரியவில்லை, ஆனால் கேட்க நன்றாக இருந்தது. பிறகு, "அளவு வேணுமே" என்று தறி நூல் ஒரு முழம் கொண்டுவந்து கொடுத்தார். பூட்டின் நீளத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ஒரு முடிச்சு, திருகாணிக்குத் திருகாணி எவ்வளவு தூரமோ அதற்கு ஒரு முடிச்சு. ஆத்தா எனக்குப் போட்ட கொலுசைக் கழற்றி நூலோடு சேர்த்து அக்கா கையில் வைத்தேன். "இத வித்து ஒரு பூட்டும் ஒரு திருப்புளியும் வாங்கிட்டு வாங்கக்கா." மறுநாள் திண்டுக்கல் பூட்டு ஒன்று கம்பி வழியாக உள்ளே வந்தது. உங்களை வெளியே நிறுத்தியது என் ஆத்தாவின் கொலுசு. அதை நீங்கள் கடைசிவரை தெரிந்துகொள்ளவில்லை, இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை. நீங்கள் போன கையோடு திருப்புளியை எடுத்தேன். எண்ணெய் நன்றாக இறங்கியிருந்தது. முதல் திருகாணி முனகிக்கொண்டு திரும்பியது. நான்காவதைக் கழற்றியதும் பூட்டு என் கையில் விழுந்தது, இவ்வளவு கனமா என்று நினைத்தேன். கதவை இழுத்தேன். திறந்துகொண்டது.

வாசலில் போய் நின்றேன். எதிர்வீட்டுப் பெரியவர் பார்த்தார். அப்படியே நடந்தால் ரயிலடி. அண்ணன் வீடு இருக்கிறது, ஒரு வாய்க் கஞ்சி ஊற்றாமலா இருந்துவிடும். போகலாம்தான். ஆனால் நான் போய்விட்டால் நீங்கள் மத்தியானம் வந்து, ஓடிப்போய்விட்டாள் என்று சந்து முழுக்கச் சொல்லிவிட்டு, பூட்டை மறுபடி மாட்டி, இன்னொருத்தியைக் கொண்டுவந்து உள்ளே வைத்துப் பூட்டுவீர்கள். அதற்கு நான் ஆளில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

புதுப் பூட்டை வைத்துப் பார்த்தால் கோளாறு. பூட்டின் நாக்கு நிலைப் பக்கம் வராமல் எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் இடதுகைக் கதவுக்கான பூட்டைக் கொடுத்துவிட்டார். நூல் நீளத்தைச் சொல்லும், அகலத்தைச் சொல்லும். இடதா வலதா என்று நூலுக்கு எப்படித் தெரியும்? அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்து அழுதேன். இனி பழைய பூட்டையே மாட்ட வேண்டியதுதான் என்று எழுந்துவிட்டேன். எடுக்கும்போது கையிலிருந்த புதுப் பூட்டைத் தலைகீழாகத் திருப்பினேன். நாக்கு சரியான பக்கம் வந்துவிட்டது. தலைகீழாக வைத்தால் சாவி போகிற ஓட்டைதான் பழைய ஓட்டைக்கு நேராக இல்லை, இரண்டு விரல் மேலே ஏறிவிட்டது. அந்த இடத்தில் கதவில் ஓட்டையே இல்லை, கெட்டி மரம். அப்படியானால் உள்ளேயிருந்துதான் பூட்டலாம், உள்ளேயிருந்துதான் திறக்கலாம். வெளியே நிற்கிறவனுக்கு ஒரு வழியும் கிடையாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய திருகாணிகளையே போட்டு இறுக்கி, உள்ளே நின்று பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு உங்களுக்குச் சோறு வடித்தேன்.

உச்சி வெயிலுக்கு வந்தீர்கள். சாவி எடுக்கிற சத்தம். உங்கள் பழைய ஓட்டை அப்படியே இருந்ததால் அதில் சாவியைப் போட்டீர்கள், திருப்பினீர்கள். சாவி வெறும் ஓட்டையில் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி போட்டீர்கள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, சாவியின் நுனி பூட்டின் தகட்டில் உரசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏ, இந்தா. பூட்டுக்கு என்ன ஆச்சு?"

"எனக்கென்ன தெரியும். சாவி ஒங்ககிட்டத்தான இருக்கு. தொறந்து வாங்க."

நீங்கள் கதவைத் தட்டவில்லை. சத்தம் போடவும் இல்லை. சந்து பார்க்குமே, உங்களுக்கு மானம் பெரிது. எதிர்வீட்டுப் பெரியவர் என்னவென்று கேட்டதற்கு, "பூட்டு கெட்டுப்போச்சுண்ணே" என்றீர்கள். அவர் ஆள் அனுப்பி, பூட்டு ரிப்பேர் பார்க்கும் பாய் ஒருவரை வரவழைத்துவிட்டார். பாய் குனிந்து ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தார், ஒரு கம்பியை விட்டு ஆட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இந்த ஓட்டைக்குப் பின்னாடி சாவி போற வழியே இல்ல. வெறும் தகடுதான். திருகாணியெல்லாம் உள்ளாற இருக்கும், வெளியில இருந்து நான் என்ன செய்ய? உள்ள ஆளு இருக்கா?"

நீங்கள் தொண்டையைச் செருமினீர்கள்.

"இருந்தா அவுகளத் தொறக்கச் சொல்லுங்க. அவுக நெனச்சாத்தான் உண்டு."

அடுத்த வீட்டுத் தறிச் சத்தம் நின்றது. அக்கா சிரித்த சிரிப்பு சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது, உங்களுக்கும் கேட்டிருக்கும். நான் ஜன்னலுக்கு நேராக மணையைப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். சுண்டைக்காய் வத்தல் குழம்பு, உங்களுக்குப் பிடித்தது. நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியதுபோல அதற்கு முன்னும் இறங்கியதில்லை, பின்னும் இறங்கியதில்லை.

கடைக்கும் போகவில்லை நீங்கள், போனால் ஊர் கேட்கும். நிழல் இல்லாத அந்தச் சுவரோரம் நின்றீர்கள், பிறகு வாசற்படியில் உட்கார்ந்தீர்கள். விளக்கு வைக்கிற நேரம் வந்தது. நான் விளக்கேற்றிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

"அண்ணன் வந்து கூப்புட்ட அன்னிக்கி நான் எம்புட்டு நேரம் உள்ள நின்னேனோ, நீங்க அம்புட்டு நேரம் வெளிய நின்னுட்டீங்க. வாங்க, சாப்பிடலாம்."

கையை ஓங்கினீர்கள். கதவு திறந்துதான் இருந்தது. சந்தில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கை இறங்கிவிட்டது.

"சாவி?" என்றீர்கள்.

"எங்கிட்ட இருக்கு."

மறுநாள் காலையில், நீங்கள் கடைக்குப் போனபிறகு, பட்டப்பகலில் வாசற்படியில் உட்கார்ந்து, அக்கா வீட்டு உளியை வாங்கி, வெளிப்பக்கம் எனக்கு ஒரு சாவி ஓட்டை போட்டேன். பழைய ஓட்டைக்கு இரண்டு விரல் மேலே. எல்லோரும் பார்த்தார்கள். அந்த ஓட்டை வழியாக என் கையால் பூட்டி, முதன்முதலாகத் தனியாக ரயிலேறித் திருமங்கலம் போய், ஆத்தாவை எரித்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அதற்குப்பின் பதினோரு வருஷம் ஒரே கூரைக்குக் கீழேதான் இருந்தோம். சமைத்தேன், துவைத்தேன், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்தேன். ஆனால் நீங்கள் ஒவ்வொரு நாளும் கதவைத் தட்ட வேண்டும். உங்கள் செருப்புச் சத்தம் சந்து முனையிலேயே எனக்குத் தெரிந்துவிடும். இருந்தாலும் கேட்பேன்.

"யாரு?"

"நாந்தேன்."

நாளைக்கு இரண்டு தடவை. பதினோரு வருஷம். ஒருநாள்கூட நான் கேட்காமல் விட்டதில்லை.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். தட்டுவதற்கு முன்னால் நீங்கள் இடுப்பிலிருந்து அந்தப் பழைய சாவியை எடுத்துக் கையில் பிடித்துக்கொள்வீர்கள். நான் திறக்கும்போது நீங்களே திறந்து வருவதுபோல உள்ளே நுழைவீர்கள், சந்தில் போகிறவர்கள் பார்ப்பதற்காக. எதையும் திறக்காத சாவி. பாவமாக இருந்ததா என்று கேட்டால், ஒன்றிரண்டு தடவை இருந்தது. உடனே ஆத்தா வீட்டு முற்றத்தில் சிந்திக் கிடந்த அரிசியை நினைத்துக்கொள்வேன், சரியாகிவிடும்.

நெஞ்சுவலியில் நீங்கள் போன அன்று, குளிப்பாட்டும்போது அரைஞாண் கயிற்றை அறுத்தார்கள். "இது என்ன சாவித்தா?" என்று என் அண்ணன்தான் கேட்டது. உங்கள் விரல் பட்டுப் பட்டு வெள்ளி மாதிரி பளபளப்பாக இருந்தது. "குடுண்ணே, எனக்குத் தெரியும்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். வாய்க்கரிசி போடச் சொன்னார்கள். ஒரு பிடி அள்ளிப் போட்டேன். ஊர் பார்த்தது உங்கள் வாயை. நான் போட்டது என் ஆத்தாவுக்கு.

அந்தத் தலைகீழ்ப் பூட்டும் இப்போது தேய்ந்துபோய் இரண்டு மாதமாக மக்கர் பண்ணியது. ஜப்பான்காரன் சண்டை முடிந்தும் கடையில் நல்ல இரும்பு வரவில்லை, அலைந்து வாங்கினேன். இந்தத் தடவை நூலை யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை. நானே கடைக்குப் போய், "வலதுகைக் கதவு" என்று சொல்லிக் கேட்டு வாங்கினேன். கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார், பார்க்கட்டும். இந்தப் பூட்டை நேராக மாட்டியதால் சாவித் துவாரம் உங்கள் பழைய ஓட்டைக்கே வந்துவிட்டது. மேலே நான் போட்ட ஓட்டையை மரத்துண்டு அடித்து மூடிவிட்டேன். மூடியபிறகு ஒரு ஆசை வந்தது. உங்கள் சாவியை எடுத்து வந்து அந்த ஓட்டையில் போட்டுப் பார்த்தேன். பாதிகூட நுழையவில்லை. மனசு குளிர்ந்தது.

இன்றைக்கு ஆத்தாவுக்குத் திதி. அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். உங்கள் சாவிக்கென்று கதவுக்கு உள்பக்கம், பூட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஆணி அடித்து வைத்திருக்கிறேன். வெளியே போகும்போதெல்லாம் அதில்தான் உங்களை மாட்டிவிட்டுப் போவேன், இந்த மூன்று வருஷமாக அப்படித்தான். இன்றைக்கும் மாட்டியாகிவிட்டது. என் சாவி என் இடுப்பில் இருக்கிறது. இதோ கதவைச் சாத்திப் பூட்டப்போகிறேன்.

உள்ளதான் எல்லாம் இருக்கே. ஒங்களுக்கு வெளியில என்ன வேல?